மலையேறி வந்த அயிலை

தூண்டில்காரன் பொய் சொல்வான் என்பது ஊரறிந்த விஷயம். மீனின் நீளத்தில் நாலு விரற்கடை கூட்டிச் சொல்வது எங்கள் குலதர்மம். நான் அந்த ரகம் இல்லை. மீனே பிடிக்காதவனுக்கு நீளம் எதற்கு?

கல்யாணமான புதிதில், ஞாயிறுதோறும் மலைமேல் இருக்கும் எங்கள் ஊரான பெர்ன்ஹில்லிலிருந்து கிளம்பி, பாதுகாக்கப்பட்ட காட்டுக்குள் இருக்கும் ஏரிக்கு நண்பர்களோடு தூண்டில் போடப் போவேன். அங்கிருந்த ட்ரவுட் மீன்கள் என் தூண்டிலை மோந்துகூடப் பார்க்கவில்லை. வெறுங்கையோடு வீடு திரும்ப வெட்கப்பட்டு, ஒருநாள் மார்க்கெட்டில் கேரளா லாரியில் வந்திறங்கிய அயிலை மீனை வாங்கிக்கொண்டு போய், ஏரியில் பிடித்தது என்று நீட்டினேன். மனைவி செல்வி அவிநாசிப் பக்கம். பிறந்த வீட்டில் மீன் சமைத்ததே கிடையாது. (அந்தத் தைரியம்தான் எனக்கு.) அவள் பூரித்துப்போனாள். அதன்பிறகு நிறுத்த முடியவில்லை. ஐந்து வருஷம் ஓடிவிட்டது.

அப்போதுதான் ஏரியில் தூண்டில் போடுவதையே தடை செய்யலாமா என்று ஒரு கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. பொழுதுபோக்குக்காக மீனை வதைப்பது அநியாயம் என்றது ஒரு தரப்பு. பிடித்ததை உயிரோடு தண்ணீரிலேயே விட்டுவிடுகிறோமே, யாருக்கு என்ன நஷ்டம் என்றது எங்கள் தரப்பு. கூட்டத்தை நடத்திய வனத்துறை ரேஞ்சர் தூத்துக்குடிக்காரர். ஒரே ஒரு மீன் வெளியே போவதாகத் தெரிந்தாலும் எல்லோருக்கும் தடைதான் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். நன்றாகப் பேசுவான் என்று நண்பர்கள் என்னை எழுப்பிவிட்டார்கள். நான் பேசுவதைப் பார்க்க நல்ல சேலை கட்டிக்கொண்டு செல்வி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். (அதில் எனக்குப் பெருமை வேறு.)

இந்த ஏரியிலிருந்து இதுவரை ஒரு மீனைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை என்று மார்தட்டிச் சொன்னேன். அட்சரம் பிசகாத உண்மை. கைதட்டல் அடங்குவதற்குள் செல்வி எழுந்தாள்.

"ஏனுங்க, அப்ப ஞாயித்துக்கெழமையானா நான் கொழம்பு வெக்கறது எந்த மீனுங்க?"

நண்பர்கள் அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர்களுடைய ஏரி போய்விடும். வாயைத் திறந்தால் என் மானம் போய்விடும். நான் தண்ணீர் குடித்தேன். இன்னொரு டம்ளரும் குடித்தேன்.

ரேஞ்சர் அவளிடம் மீன் எப்படி இருக்கும் என்று கேட்டார். முதுகில் பச்சையும் நீலமுமாகக் கோடு கோடாக இருக்கும் என்றாள்.

"தொட்டா ஐஸாட்டம் இருக்குமுங்க சார். ஏரி அத்தனை குளுருன்னு இவருதான் சொன்னாருங்க."

ரேஞ்சர் பேனாவை மூடினார். "அது அயிலைல்லாம்மா. கடல் மீனு. இந்த மலைக்கு அது லாரியிலதான் ஏறும்."

மைக்கைப் பிடித்துக்கொண்டு, பிடித்தது ஒன்றும் இல்லை, வாங்கியதுதான் எல்லாம் என்று ஒப்புக்கொண்டேன். தடை கேட்டு வந்தவர்களும் எங்கள் ஆட்களும் அன்று முதன்முறையாக ஒன்றுசேர்ந்து சிரித்தார்கள். செல்வி சிரிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தபோது எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. பிடித்ததை அங்கேயே விட வேண்டும் என்ற நிபந்தனையோடு தூண்டிலுக்கு அனுமதி கிடைத்தது. செல்வியிடம் பேச அனுமதி கிடைக்க ஒரு வாரம் ஆனது.

இப்போது மகள் ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்துக் கோப்பையோடு வந்தால்கூட, "புடிச்சதா, கடையில வாங்குனதா?" என்றுதான் எங்கள் வீட்டில் கேட்பார்கள்.

போன மாதம் என் தூண்டிலில் உண்மையாகவே ஒரு ட்ரவுட் மாட்டியது. நானே வாதாடி வாங்கிக்கொடுத்த விதியாயிற்றே, தண்ணீரில் விட்டேன். விடுமுன் எடுத்த போட்டோவில் மீன் துள்ளி வெளியே போயிருந்தது. வாயைப் பிளந்த என் முகம் மட்டும் பதிந்திருந்தது. வீட்டுக்கு வந்து காட்டினேன். செல்வி அதை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஏனுங்க, இன்னிக்கு மார்க்கெட் லீவுங்களா?" என்றாள்.