தொட்டியில் போட்ட உப்பு

பெண் வீட்டாரிடம் தன் வேலையைப் பற்றி அடக்கமாகப் பேசிய மாப்பிள்ளையை நான் பார்த்ததில்லை. நானும் அடக்கமாகப் பேசவில்லை.

துவாஸில் ஒரு சிறிய தொழிற்சாலையில் நான் பொறியாளர். ஒரு தொட்டித் தண்ணீருக்குள் இரண்டு கம்பிகளுக்கு இடையே மின்சாரத்தைப் பாய்ச்சித் தீப்பொறி உண்டாக்குவோம். அதில் கிளம்பும் அதிர்வலை, அடியில் வைத்திருக்கும் அலுமினியத் தகட்டை அச்சுக்குள் அறைந்து கிண்ணமாக்கிவிடும். (சுத்தியலே வேண்டாம்!)

நான் கட்டிக்கொள்ள விரும்பிய தர்ஷினியின் அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. காத்தோங்கில் வசிக்கும் யாழ்ப்பாணக் குடும்பம். "தண்ணிக்குள்ள வெடி வைக்கிறவருக்கு என்னெண்டு பிள்ளையைக் குடுக்கிறது?" என்று கல்யாணத்தை நிறுத்தி வைத்திருந்தார். சரி, தொழிற்சாலையின் குடும்ப தினத்தன்று நேரிலேயே காட்டி அசத்திவிடுவோம் என்று அவரை அழைத்தேன்.

அவருக்கு முன்பே பிடோக்கிலிருந்து என் அம்மா வந்துவிட்டார், கைப்பையில் கல்லுப்போடு. "இத்தனை பேர் கண்ணு படும்டா" என்று என்னையும் இயந்திரத்தையும் சேர்த்துச் சுற்றினார். "இது தண்ணில கரையணுமே, எங்க போட?"

"இதோ தொட்டி இருக்கே, போடுங்கம்மா." சொன்னது படித்த பொறியாளனாகிய நான்தான்.

தர்ஷினியும் அவள் அப்பாவும் வந்தார்கள். அவர்களைத் தடுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்தி உரையை ஆரம்பித்தேன்.

"அங்கிள், சீக்ரெட்டே தண்ணிதான். சுத்தமா இருக்கணும். உப்பு கலந்துச்சுன்னா கரண்ட் சும்மா கசிஞ்சு போயிடும், ஸ்பார்க்கே வராது லா!"

சொல்லிக்கொண்டே பொத்தானை அழுத்தினேன். நான் சொன்னது என் காதில் விழுந்தபோது விரல் வேலையை முடித்திருந்தது.

சத்தமே இல்லை. நாலு குமிழி வந்தது. தகட்டை எடுத்தால் தோசைக்கல் மாதிரி தட்டையாக இருந்தது. கல்யாணம் போச்சு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"இப்ப என்ன நடந்தது தம்பி?"

"தண்ணி கொஞ்சம் சூடாயிருக்கும் அங்கிள், அவ்வளவுதான்."

அவர் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதன்முறையாகச் சிரித்தார். "நான் வெடிக்குமெண்டு எல்லோ பயந்தனான்! இது ஒரு ஆபத்தும் இல்லாத வேலை. கலியாணத்துக்கு நாளைப் பாருங்கோ."

வாயைத் திறக்கப் போன என் காலைத் தர்ஷினி மிதித்தாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ கிண்ணங்கள் செய்துவிட்டேன். ஆனால் எங்கள் வீட்டில் இருப்பது அந்தத் தட்டைத் தகடு மட்டும்தான். ரசப் பாத்திரத்துக்கு மூடி. சாப்பிட வரும் சொந்தக்காரர்களிடம் மாமனார் இன்றும் பெருமையாகச் சொல்கிறார்: "மருமகன் துவாஸிலை தண்ணி சூடாக்கிறார்."