பெரட்டுக் களத்தில் நான் கண்ணை மூடிய ஞாயிற்றுக்கிழமை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்கள் தயங்கினேன். எனக்கு எழுத்து வராது என்பது ஒரு காரணம் (தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்போடு படிப்பு முடிந்தது, அதிலும் பாதி நாள் வாத்தியார் வீட்டுக் கோழிகளை மேய்த்தேன்). இன்னொரு காரணம் என் மனைவி சலோமி. "தோட்டமே சிரிச்சது போதாதா, அச்சுல வேற வரணுமா?" என்று பேனாவைப் பிடுங்கி வைத்துவிடுவாள். இந்த வாரம் அவள் மகளைப் பார்க்க ஈப்போவுக்குப் போயிருக்கிறாள். அவள் பஸ் ஏறிய கையோடு உட்கார்ந்துவிட்டேன்.

எழுபதுகளின் கடைசி. பீடோருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரே ஓர் ஆசைதான்: மண்டோர் ஆகவேண்டும். வெட்டுக்காரர்களை மேய்க்கிறவர்தான் மண்டோர். விடிவதற்கு முன் எல்லாரையும் பெரட்டுக் களத்தில் நிறுத்திப் பேர் கூப்பிடுவார். இன்னாருக்கு இன்ன நிரை என்று மரங்களைப் பிரித்துக் கொடுப்பார். காக்கிச் சிலுவார் (கால்சட்டையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்), முழங்கால்வரை காலுறை, கழுத்தில் ஊதல், மூன்று அறை வீடு. அந்த ஊதல்மேல் எனக்கு இருந்த காதலை எப்படிச் சொல்வேன்! காட்டில் யாரும் இல்லாத நேரத்தில் விரலை வாயில் வைத்து ஊதி, ரப்பர் மரங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகியிருக்கிறேன். அவை வரிசை கலையாமல் நின்றன. பிறவியிலேயே மண்டோர் நான் என்று முடிவு செய்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வேறொரு வேலை இருந்தது. தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயத்தில் ஜெப வீட்டை நடத்திவந்த உபதேசியார் பத்து காஜா என்ற ஊருக்குப் போய்விட்டதால், சத்தமான வாய் என்ற ஒரே தகுதிக்காகச் சபையார் என்னை முன்னால் நிறுத்தினார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நான் எழுந்ததும் பேச்சு அடங்கும். "கண்களை மூடுவோம்" என்பேன். அங்கே தொடங்கினால் கைக்குழந்தைகள் தூங்கி எழுந்து மறுபடி அழும்வரை ஜெபிப்பேன்.

பழைய மண்டோர் ஓய்வு பெற்றார். சலோமியின் அண்ணன் தேவராஜ் மேல் டிவிசனில் மண்டோர். அவர் துரையிடம் எனக்காகப் பேசினார். துரை ஈப்போச் சீனர். சிறு வயதில் தோட்டத்துப் பிள்ளைகளோடு கோலி விளையாடியதால் நம்மைப்போலவே தமிழ் பேசுவார், நம்மைவிட நன்றாகத் திட்டுவார். ஒரு மாதம் பார்க்கிறேன் என்றார். அந்த மாதம் பார்த்து மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ஈர மரத்தை வெட்ட முடியாது. போன நாட்களை ஈடுகட்ட, இனி ஞாயிற்றுக்கிழமையும் வெட்டு என்று உத்தரவு வந்தது.

"மச்சான், ஞாயித்துக்கிழம ஜெபம் இருக்கே" என்றேன் தேவராஜிடம்.

"வெட்டு முடிஞ்சி வச்சிக்கலாம்லா. ஆண்டவர் எங்க போயிடப் போறாரு?"

"ஜெபத்துக்குப் போறேன், வெட்டுக்கு வரலன்னு யாராச்சும் சொன்னா?"

"மறுநாளு அவனுக்கு மல நிரைய குடு. ஏறி எறங்கட்டும். அடுத்த வாரம் மொத ஆளா வந்து நிப்பான். மாப்ள, மண்டோருன்னா அதான்."

மனசு உறுத்தியது. ஆனால் ஆசை இருக்கிறதே, அது நன்றாகப் பேசும். மண்டோராகிவிட்டால் ஊழியத்துக்கு எவ்வளவு வசதி என்று ஆண்டவருக்கே விளக்கிச் சொன்னேன். (அவர் பதில் பேசவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.) சலோமி மூன்றறை வீட்டின் சன்னல்களை வெளியில் நின்றே அளந்து, திரைச்சீலையும் தைத்து வைத்துவிட்டாள்.

அந்த முதல் ஞாயிறு வந்தது. காக்கிச் சிலுவாரும் காலுறையும் மச்சானுடையவை. அவர் இடுப்புக்குள் என்னைப்போல இரண்டு பேர் தாராளமாகக் குடித்தனம் நடத்தலாம். நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டு களத்துக்குப் போனேன். ஆபீஸ் வாசல் விளக்கு மட்டும் எரிந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். வாரா வாரம் ஜெப வீட்டில் பார்க்கிற அதே முகங்கள் பாதிக்குமேல். நான் தேறுகிறேனா என்று பார்க்க மச்சான் ஓரமாக நின்றார். துரையும் வந்து இறங்கினார். புழுக்கத்துக்குத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

ஊதினேன். பேர்களைக் கூப்பிட்டேன். ஜெபத்துக்காக வராமல் நின்றவர்களின் பேரை மனதில் குறித்துக்கொண்டேன்; மற்றபடி ஒரு தடங்கலும் இல்லை. நிரை பிரிப்பதற்காகக் கையை உயர்த்தினேன். பேச்சு அடங்கியது. ஞாயிற்றுக்கிழமை, அதே முகங்கள், அதே அமைதி, முன்னால் தொப்பியைக் கழற்றிய ஒரு மனிதர். என் வாய் தானாகத் திறந்தது.

"கண்களை மூடுவோம்."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஆண்டவரைக் கூப்பிட்டுவிட்டு, 'சும்மாதான் கூப்பிட்டேன், போங்க' என்று சொல்ல முடியுமா? சுருக்கமாக முடித்துவிடலாம் என்று ஆரம்பித்தேன். (சுருக்கமாக ஜெபித்தவன் எங்கள் சபையில் இன்னும் பிறக்கவில்லை.) மழை நிற்பதற்காக ஜெபித்தேன். மரங்களுக்காக ஜெபித்தேன். துரைக்காகவும் ஜெபிக்கவேண்டும் அல்லவா? அங்கேதான் சனி பிடித்தது.

"ஆண்டவரே, எங்கள் துரையை ஆசீர்வதியும். அவரோடு சண்டை போட்டுக்கொண்டு ஈப்போவில் தாய் வீட்டில் இருக்கிற துரையம்மாவின் மனதை இளக்கும். அவர்கள் வீசி உடைத்த கண்ணாடிப் பாத்திரங்களுக்குப் பதிலாகச் சமாதானத்தைத் தாரும்."

பங்களாவில் கூட்டிப் பெருக்குகிறவர் சொல்லி, தோட்டம் முழுக்கத் தெரிந்த விஷயம்தான். யாரும் துரை முன்னால் சொன்னதில்லை. நான் ஒலிபெருக்கி இல்லாமல் சொன்னேன்.

கூட்டத்தில் யாரோ இருமலை அடக்கினார்கள். என் வாய் நிற்கவில்லை. வாரா வாரம் ஜெபத்தின் கடைசியில் சொல்லும் வார்த்தைகளும் வந்தன: "உமக்கு மேலாக எங்களுக்கு எதுவும் பெரிதாக இல்லாதிருக்கட்டும்."

அந்த இடத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. கழுத்தில் ஊதல் தொங்குகிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில், ஜெப வீட்டுக்கு வாருங்கள் என்று நானே கூப்பிட்ட மனிதர்களை நானே மலைக்கு ஏற்றப் போகிறேன். யாரிடம் என்ன பேசிக்கொண்டிருக்கிறேன் நான்? 'ஆமென்' வரவே இல்லை. கண்ணை இறுக்கி மூடியபடி நின்றேன்.

"ஆமென்!" என்று ஒரு குரல். எங்கள் பக்கத்து வீட்டு முனியாண்டி அண்ணன். மாரியம்மன் கோயிலுக்குக் காவடி எடுக்கிறவர். சுவருக்கு அந்தப்பக்கம் வருடக்கணக்காக என் ஜெபத்தைக் கேட்டு மனப்பாடம். "தம்பி, வெயிலு வந்துருச்சுப்பா."

கண்ணைத் திறந்தேன். நன்றாக விடிந்திருந்தது. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும். பின்வரிசையில் பாதிப் பேரைக் காணோம். பெரட்டு முடிந்தது என்று நினைத்துப் பசியாறப் போய்விட்டார்கள்.

துரை தொப்பியை மெதுவாகத் தலையில் வைத்தார். "முடிஞ்சிச்சா, மண்டோர்?"

"முடிஞ்சிச்சு துரை."

"என் பொண்டாட்டி வெவரம் இன்னும் எதாச்சும் பாக்கி இருக்கா?"

"இல்ல துரை."

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. ஆனால் துரை கோபப்படவில்லை. "சரி, போவட்டும். மொத நாளு. இனிமே பெரட்டுல பேர மட்டும் கூப்பிடு. இப்ப ஜெபத்துக்குப் போறேன்னு வராம நின்னவன் பேர குடு. நாளைக்கு மல நிரை."

மச்சான் பின்னாலிருந்து முதுகைக் கிள்ளினார். "தெரிமா காசி சொல்லு மாப்ள, நன்றி சொல்லு."

வேலை தப்பித்துவிட்டது. பேர்களைச் சொன்னால் போதும். ஊதல் எனக்கு, வீடு எனக்கு. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். பிறகு, எனக்கே தெரியாமல் தலை நிமிர்ந்தது.

"மொத பேரு என் பேரு துரை" என்றேன். "யாக்கோபு. ஞாயித்துக்கிழம யாக்கோபு வெட்டுக்கு வர மாட்டான். மலைய குடுங்க, ஏறுறேன். மத்தவங்க பேர எங்கிட்ட கேக்காதீங்க." ஊதலைக் கழற்றி அவர் கையில் வைத்தேன்.

இதோடு முடிந்திருந்தால் நானும் ஒரு வீரன்தான். ஆனால் மச்சானுக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது.

"அப்ப என் சிலுவார கழட்டு!"

"மச்சான், இங்கயா?"

"இங்கதான்! மண்டோருக்குத்தான் குடுத்தேன், ஒனக்கு குடுக்கல!"

அவர் கயிற்றை ஒரே இழுப்பு இழுத்தார். மற்றதைச் சிலுவார் தானாகவே செய்துகொண்டது. பெண்கள் பக்கம் எழுந்த சிரிப்பு பீடோர் வரைக்கும் கேட்டிருக்கும். துரை முதுகைத் திருப்பிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. முனியாண்டி அண்ணன் தன் தோளில் கிடந்த கைலியை என்மேல் வீசினார். அந்தக் கைலியோடும் மச்சானின் நீளக் காலுறையோடும்தான் (அதைக் கேட்க அவர் மறந்துவிட்டார்) அன்று ஜெப வீட்டில் முன்னால் நின்றேன். அன்று ஜெபம் மிகவும் சுருக்கம்.

சலோமி இரண்டு நாள் என்னைத் திட்டித் தீர்த்தாள். பிறகு திரைச்சீலைகளை எடுத்துப்போய் ஜெப வீட்டுச் சன்னல்களில் மாட்டினாள். அளவு சேரவில்லை. அப்படியே தொங்கின.

இன்றும் சாப்பாட்டு மேசையில் என் ஜெபம் நீண்டால், சின்னவன் ஒரு கண்ணைத் திறந்து, "தம்பி, வெயிலு வந்துருச்சுப்பா" என்பான். மச்சான் வந்திருந்தால் யாராவது ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொள்வார்கள். எனக்குக் கோபம் இல்லை.

ஆனால் ஒன்று பொறுக்கவில்லை. போன வருடம் ஒரு கூட்டத்தில் வெளியூர்ப் பிரசங்கியார் என் கதையையே சொன்னார். நான் எதிரில் உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியாது. துரை முழங்காலில் விழுந்து அழுதாராம். அவர் மனைவி அன்றைக்கே திரும்பி வந்தாராம். அந்தத் தொழிலாளியை ஆண்டவர் பெரிய மேனேஜராக உயர்த்தினாராம். எல்லாரும் கை தட்டினார்கள். சிலுவார் விஷயத்தை மட்டும் விட்டுவிட்டார்.

ஐயா, நான் மேனேஜர் ஆகவில்லை. மலை நிரையில் ஏறினேன். தோட்டம் கைமாறி மரங்களைச் சாய்க்கும்வரை வெட்டுக்காரனாகவே இருந்தேன். பிறகு ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் காவல் வேலை. அந்த அம்மா திரும்பி வந்ததாக எனக்குத் தகவல் இல்லை. விட்டதற்குப் பதிலாக ஆண்டவர் இரட்டிப்பாகத் தந்தால்தான் அவர் பின்னால் போவோம் என்றால், அதற்குப் பேர் பின்செல்வதா, பேரம் பேசுவதா?

ஆகையால் இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். வெட்டாமல், ஒட்டாமல், சிலுவாரோடு சேர்த்துச் சொல்லுங்கள். "அப்புறம் ஆண்டவர் அவருக்கு என்னதான் குடுத்தாரு?" என்று யாராவது விடாமல் கேட்டால், ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்தார் என்று சொல்லுங்கள். அதற்குமேல் ஒரு வார்த்தையும் சேர்க்காதீர்கள்.