கஸ்தூரி அத்தர் பூசிக்கொண்டு பெண் பார்க்கப் போன கதை

நம் மேல் அடிக்கிற வாடை நமக்குத் தெரியாது. கடவுள் நமக்குச் செய்த உபகாரம் அது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் அதே கடவுள் ஏன் அந்த உபகாரத்தைச் செய்யவில்லை என்று 2009-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நான் யோசிக்க வேண்டியதாகிவிட்டது.

அப்போது கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் இறால் கம்பெனியில் நான் சூப்பர்வைசர். நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிற வேலை என்று நினைத்துவிடாதீர்கள். முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு ஐஸ் தண்ணீரில் நாள் பூராவும் நிற்கிற வேலை. சம்பளம் மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வரும். கவுச்சி தினமும் வரும். எலுமிச்சம்பழம் தேய்த்தாலும் போகாது, சந்தன சோப்புப் போட்டாலும் போகாது. (சோப்பும் நாறும், அவ்வளவுதான்.)

பண்ருட்டியில் ஒரு பெண் வீட்டார் தரகர் மூலம் சொல்லியனுப்பினார்கள்: "பையன் தங்கமான பையன். ஆனா எங்க பொண்ணு மீன் வாடை தாங்க மாட்டா." அன்றைக்கு ராத்திரி அம்மா சாப்பிடவில்லை. எனக்கோ முப்பது தாண்டிவிட்டது, முன்பக்கம் முடியும் விடைபெற ஆரம்பித்திருந்தது. அடுத்து சிதம்பரத்திலிருந்து வனிதா என்கிற பெண்ணின் ஜாதகம் வந்தபோது அம்மா சொல்லிவிட்டாள்: "இதுவும் தட்டிப்போச்சுன்னா, இனிமே நான் எந்த வூட்டு வாசப்படியும் ஏற மாட்டேன்டா. நீயே பாத்துக்க."

இந்த நேரம் பார்த்துத்தான் சலீம் ஊருக்கு வந்திருந்தான். திருப்பாதிரிப்புலியூரில் என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். சவூதியில் ஓர் அத்தர் கடையில் வேலை.

"கவுச்சிக்காடா பயப்படுற? இந்தா மச்சான்," என்று சுண்டுவிரல் உயரத்தில் ஒரு கண்ணாடிப் புட்டியைக் கையில் வைத்தான். உள்ளே டிக்காஷன் நிறத்தில் எண்ணெய். கஸ்தூரி, அகில் கட்டை எல்லாம் சேர்ந்த சரக்காம். "அங்க பெரிய பெரிய ஆளுங்க போடுறது. மணிக்கட்டுல ஒரு பொட்டு வையி, போதும். ஜாஸ்தி வேணாம்."

ஒரு பொட்டா? எங்கள் வீட்டில் எண்ணெய் என்றால் உள்ளங்கையில் குழியாக ஊற்றி, உச்சியில் வைத்து, காது, கழுத்து, முழங்கை என்று சூடு பறக்கத் தேய்ப்பது. சனிக்கிழமை தவறாமல் அப்படித்தான் வளர்ந்தோம். தொட்டு வைக்கிற எண்ணெயை எங்கள் பரம்பரையிலேயே யாரும் பார்த்ததில்லை. சலீம் கஞ்சத்தனத்தில் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை குளித்துவிட்டுப் புட்டியைத் திறந்தேன். தூக்கிவாரிப் போட்டது! சென்ட் என்றால் மல்லிகை, ரோஜா என்று ஏதாவது இருக்கும் அல்லவா? இது மழையில் நனைந்த ஆட்டுக்கிடா. இதற்கா அந்த ஊரில் காசு கொடுக்கிறார்கள்! மணிக்கட்டில் கொஞ்சம் தடவிப் பார்த்தேன். கிடா மெதுவாக நகர்ந்தது. பூட்டியே கிடந்த மரப்பெட்டியைத் திறந்த மாதிரி ஒரு வாசனை வந்தது. அப்புறம் அடியிலிருந்து கொஞ்சம் தித்திப்பு, கொஞ்சம் புகை. அட, பரவாயில்லையே என்று நான் மயங்கத் தொடங்கிய நேரத்தில் வாசனை மொத்தமாகக் காணாமல் போய்விட்டது.

போய்விட்டது என்று நான் நினைத்தேன். அது எங்கேயும் போகவில்லை, மூக்குதான் மரத்துவிட்டது. (ஏற்கெனவே இறால் கம்பெனியில் பாதி செத்த மூக்கு.) இது தெரியாமல் உள்ளங்கையில் ஊற்றிக் கழுத்தில் தேய்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அக்குளில், மார்பில், காதுக்குப் பின்னால் தேய்த்தேன். ஊஹூம். மிச்சமிருந்ததைத் தலையில் வைத்துச் சூடு பறக்கத் தேய்த்து, படிய வாரி, வெளியே வந்தேன்.

அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். "என்னடா இது? எங்கியாவது பூனை கீனை செத்துக் கிடக்குதா?"

"அத்தரும்மா. சவூதி அத்தரு."

சவூதி என்றதும் அம்மா அடங்கிவிட்டாள். வெளிநாட்டுச் சாமான் நாறாது, நமக்குத்தான் அதை முகரத் தெரியவில்லை என்பது அவள் கட்சி. துணைக்கு வந்திருந்தவர் என் தாய்மாமா. அவர் பஸ் ஏறியதும் எங்களை விட்டுவிட்டுக் கடைசி சீட்டுக்குப் போய்விட்டார்.

சித்திரை வெயில். ஆலப்பாக்கம் வருவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. வியர்வை பட்டால் அந்த எண்ணெய் இன்னொரு முறை பிறக்கும் என்று எனக்குத் தெரியாது. முன் சீட்டிலிருந்த ஒரு பெண்மணி குழந்தையோடு எழுந்து போனார். பக்கத்து சீட்டுக்காரர் புதுச்சத்திரத்தில் இறங்கிவிட்டார். (சிதம்பரத்துக்கு டிக்கெட் வாங்கியிருந்தவர்.) கண்டக்டர் வந்து சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

"யாருய்யா கிடாவ ஏத்துனது? லக்கேஜ் டிக்கெட் வாங்குங்க."

"ஃபாரின் சென்ட்டுப்பா அது!" என்று அம்மா சீறினாள். பஸ்ஸே திரும்பி என்னைப் பார்த்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? கிராமத்து ஜனங்கள், நல்ல வாசனை தெரியாதவர்கள் என்று மனசுக்குள் அவர்களை மன்னித்தேன். அன்றைக்கு இருந்த என்னை இப்போது பார்த்தால் நானே அறைவேன்.

சிதம்பரத்தில் கீழவீதியை ஒட்டிய சந்தில் பழைய ஓட்டு வீடு. வனிதாவின் அப்பா ஓய்வுபெற்ற லைன்மேன். வாயெல்லாம் பல்லாக வரவேற்று, கூடத்தில் உட்கார வைத்தார். உட்கார்ந்த மறு நிமிஷம் அவர் முகம் மாறியது. மூக்கு விடைத்தது. கண் மெல்ல மேலே பரணுக்குப் போனது.

"வந்துடுச்சு," என்றார். எங்களிடம் இல்லை, உள்ளே பார்த்து. "இந்தாம்மா, டார்ச் எடு! மரநாய் திரும்பி வந்துடுச்சு!"

மரநாய் என்பது பூனைக்கும் கீரிக்கும் நடுவே இருக்கும் ஒரு பிராணி. ஓட்டு வீட்டுப் பரணில் குடியேறிவிட்டால் லேசில் காலி செய்யாது. போன வருஷம் அவர்கள் பரணில் குட்டி போட்டு, வீடே நாறி, மாதக்கணக்கில் போராடித் துரத்தியிருக்கிறார்கள். "தப்பா நினைச்சுக்காதீங்க, கோட்டை விட்டா மறுபடி குட்டி போட்டுரும்," என்று சொல்லிக்கொண்டே அவர் வேட்டியை மடித்துக் கட்டி, ஏணி வைத்துப் பரணில் ஏறிவிட்டார். லைன்மேன் அல்லவா, ஒரே மூச்சு.

மேலே தகர டப்பாக்கள் உருண்டன. கூடத்தில் தூசி கொட்டியது. எங்களுக்கு வைத்திருந்த சொஜ்ஜியில் ஒரு ஓட்டுச் சில்லு விழுந்தது. என் மாமா மரியாதைக்கு எழுந்துபோய் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"இங்க வாடையே இல்லியே!" என்று மேலேயிருந்து குரல். "கீழதான் ஜாஸ்தியா இருக்கு!"

அந்த நொடியில்தான் எனக்குப் புரிந்தது. கிடா, செத்த பூனை, மரநாய். மூன்றும் நான்தான்! அம்மாவைப் பார்த்தேன். அவளுக்கும் புரிந்துவிட்டது. ஃபாரின் சென்ட் என்று பஸ்ஸில் சண்டை போட்ட வாயை இப்போது முந்தானையால் பொத்திக்கொண்டிருந்தாள். சொல்லிவிடலாம் என்றால் எப்படிச் சொல்வது? 'ஐயா, நீங்கள் தேடும் பிராணி நான்தான்' என்று பெண் பார்க்க வந்த எந்த மாப்பிள்ளையாவது சொல்லியிருக்கிறானா?

அவர் இறங்கி வந்தார். கையில் தடி. பீரோவுக்குப் பின்னால், பெஞ்சுக்கு அடியில் என்று மோப்பம் பிடித்துக்கொண்டே வந்தவர் என் நாற்காலிக்கு முன்னால் நின்றார். "தம்பி, கொஞ்சம் காலத் தூக்கிக்குங்க."

இரண்டு காலையும் தூக்கிக்கொண்டேன். வருங்கால மாமனார் நான்கு காலில் என் நாற்காலிக்கு அடியில் நுழைந்தார். சரியாக அப்போது, பட்டுப்புடவையும் தட்டில் காப்பியுமாக வனிதா வந்தாள்.

பெண் பார்க்கும் இடத்தில் பெண் தரையைப் பார்த்து நடந்து வருவாள், காப்பி கொடுப்பாள், போய்விடுவாள். வனிதாவும் அப்படித்தான் வந்தாள். என்னிடமிருந்து ஓரடி தூரத்தில் நின்றாள். தலை நிமிர்ந்தது. கண்ணில் தண்ணீர் கட்டியது.

"அப்பா, வெளிய வாங்க. மரநாய் இல்ல," என்றாள். "இவுருதான்."

நாற்காலிக்கு அடியில் 'ணங்' என்று அவர் தலை மோதியது. ஏணியைப் பிடித்திருந்த மாமா கையை விட்டுவிட்டார். ஏணி சுவரில் சரிந்து ஒரு காலண்டரைக் கிழித்துக்கொண்டு விழுந்தது. அவளுடைய அம்மா அடுக்களை வாசலில் "அய்யய்யோ!" என்று வாயில் கை வைத்தவர் வைத்தவர்தான்.

"என்னா போட்டிருக்கீங்க?" என்றாள் வனிதா.

"அத்தரு."

"எவ்ளோ?"

"பாட்டிலு."

"எதுக்கு?"

பொய் சொல்கிற அளவுக்கு எனக்குத் தெம்பு இல்லை. "எறா கம்பெனில வேலைங்க. பண்ருட்டில கவுச்சி அடிக்குதுன்னு வேணாம்னுட்டாங்க. அதான், உங்களுக்குத் தெரியாம இருக்கட்டும்னு..."

அவள் காப்பித் தட்டைக் கீழே வைத்தாள். "பரங்கிப்பேட்டை எறான்னா எங்கப்பாவுக்கு உசுரு. அந்த வாடைக்கு இந்த வூட்ல யாரும் மூக்கப் பொத்த மாட்டோம். இதுதான் தாங்கல. போயி குளிச்சிட்டு வாங்க."

"என்னது!" அம்மா எழுந்தே விட்டாள். "பொண்ணு பாக்க வந்த புள்ள, முடிவு சொல்றதுக்கு முன்னாடி பொண்ணு வூட்டுக் கொல்லையில போயி குளிக்கிறதா? ஊர்ல கேட்டா சிரிப்பாங்க. வாடா போலாம்!"

எனக்கும் ரோஷம் வந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் இப்போது வாசலைத் தாண்டினால் இதுவும் தட்டிப்போய்விடும். அம்மா இன்னொரு வாசப்படி ஏறமாட்டாள். அதைவிட, என்னைக் காலில் ஒட்டிய மீன் செதில் மாதிரி பார்க்காத முதல் பெண் இவள்தான். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தேன். வாட்சைக் கழற்றி மாமா கையில் கொடுத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் நடந்தேன்.

கிணற்றடியில் சோப்பு தீர்ந்தது. வருங்கால மாமியார் கதவு இடுக்கு வழியாகச் சீயக்காய் நீட்டினார். அப்புறம் பயத்தமாவு, அப்புறம் பாத்திரம் தேய்க்கிற புளி. "காதுக்குப் பின்னாடி தேச்சாரான்னு கேளும்மா," என்று உள்ளேயிருந்து வனிதாவின் குரல் வந்தது. மாமனாரின் வேட்டியும் தொளதொள சட்டையுமாக நான் கூடத்துக்குத் திரும்பியபோது அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

வனிதா தூரத்தில் நின்றே முகர்ந்தாள். "பாதி போயிருக்கு. சரி, உக்காருங்க. காப்பி ஆறிடுச்சு, வேற போடுறேன்."

திரும்பி வருகிற பஸ்ஸில் அம்மாவும் மாமாவோடு கடைசி சீட்டுக்குப் போய்விட்டாள். நானும் முடிந்தது கதை என்றுதான் இருந்தேன். மிச்சப் பாதி வாடை அந்த வாரம் முழுக்க என்னோடு வேலைக்கு வந்தது. சரக்குக் கெட்டுவிட்டதோ என்று கம்பெனியில் ஒரு லாரி இறாலைத் திரும்பப் பரிசோதித்தார்கள்.

புதன்கிழமை சிதம்பரத்திலிருந்து போன் வந்தது. "பொண்ணுக்குச் சம்மதமாம்," என்று சொல்லிவிட்டு அம்மா ரிசீவரோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் அதிர்ச்சிதான். அந்த ஞாயிற்றுக்கிழமையின் அதிர்ச்சிகளையெல்லாம் இது தூக்கிச் சாப்பிட்டுவிட்டது.

அன்றைக்கு நான் கழற்றிப் போட்ட சட்டையைத் துவைத்துத் துவைத்துத் தோற்றுப்போன மாமனார் அதைப் பரணில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். மரநாய் அப்புறம் அந்தத் தெருப்பக்கமே வரவில்லை என்பது அவர் பெருமை.

ஏன் சம்மதித்தாள் என்று கல்யாணத்துக்கு அப்புறம் என் பெரியம்மா பெண் அவளைக் கேட்டாள். நான் பக்கத்து அறையில் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். நேர்மை, வெள்ளை மனசு என்று ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"அவுங்கம்மா வேணாங்குறாங்க, ஊரே பாக்குது. நான் சொன்ன ஒடனே மறுபேச்சு இல்லாம எழுந்து போயி குளிச்சாரு," என்றாள் வனிதா. "இதுக்கு மேல என்னா பொருத்தம் பாக்கணும்?"

இப்போது எங்கள் சொந்தத்தில் எந்தப் பெண்ணுக்கு வரன் வந்தாலும், ஜாதகத்தைப் பிரிப்பதற்கு முன்னால் யாராவது ஒருத்தர் சொல்லிவிடுகிறார்கள்: "மொதல்ல பையன குளிக்கச் சொல்லிப் பாரு." சொல்வது பெரும்பாலும் எங்கம்மாதான்.