இனிப்புப் பிரிவில் முதல் பரிசு பெற்ற மிளகாய்

ஒரு காட்டில், குழாய் வந்துவிட்ட, ஆனால் தண்ணீர் இன்னும் வராத குடியிருப்புப் பகுதியில், வேலாயுதம் என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. ‘இருந்தது’ என்றால் அதற்குக் கோபம் வரும், முள்ளைச் சிலிர்க்கும். நமக்கு ஏன் வம்பு? இருந்தார் என்றே சொல்வோம்.

வேலாயுதத்துக்குக் குடி இல்லை, சீட்டாட்டம் இல்லை, அடுத்தவர் வளையை எட்டிப்பார்க்கும் பழக்கமும் இல்லை. இப்படிப்பட்டவர்களை வேறு ஏதாவது ஒன்று பிடித்துக்கொள்ளும். அவரை மிளகாய் பிடித்துக்கொண்டது. வளை வாசலில் மிளகாய்த் தொட்டி. பின்பக்கம் மிளகாய்த் தொட்டி. உடைந்த வாளியில், பெயின்ட் டப்பாவில், சுற்றுலா வந்தவன் எவனோ விட்டுப்போன ஹெல்மெட்டில்கூட மிளகாய். அவர் மனைவி செண்பகவல்லி கொஞ்சம் கொத்தமல்லி தூவலாம் என்று ஓர் ஓரம் பார்த்து வைத்தால், மறுநாள் அங்கே ஒரு மிளகாய் நாற்று நின்றுகொண்டு அந்த அம்மாளையே பார்க்கும்.

"அப்படி என்னதாங்க வேணும் உங்களுக்கு?" என்று கேட்டார் செண்பகவல்லி.

"குடைமிளகாய்க்கு உடம்பு இருக்கு, உறைப்பு இல்ல. சின்னக் காந்தாரி மிளகாய்க்கு உறைப்பு இருக்கு, உடம்பு இல்ல. ரெண்டையும் சேர்த்து வச்சுட்டா..."

"உடம்பும் உறைப்பும் சேர்ந்த ஒருத்தி இங்க உட்கார இடமில்லாம நிக்கிறேன். அதை முதல்ல பாருங்க."

சேர்த்து வைப்பது லேசான காரியம் இல்லை. விடியற்காலையில், குடைமிளகாயின் மொட்டு தானாக விரிவதற்கு முந்தி, அதைப் பிரித்து உள்ளே இருக்கும் மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுத்துவிட வேண்டும். பிறகு காந்தாரிப் பூவின் மகரந்தத்தைக் கொண்டுவந்து நடுவில் இருக்கும் சூல்முடியில் தடவ வேண்டும். மற்றவர்கள் இதற்கு இடுக்கி வாங்குவார்கள். வேலாயுதம் தன் முதுகிலிருந்தே ஒரு முள்ளைப் பிடுங்கிக்கொண்டார். தடவி முடித்ததும் அடையாளத்துக்குக் காம்பில் ஒரு சிவப்பு நூல். தேனீ வந்து கெடுத்துவிடாமல் மேலே ஒரு துணிப்பை. தேனீக்கள் சங்கத்தைக் கூட்டி, "பரம்பரையா நாங்க பாக்குற வேலை. இதுல வெளியாள் எப்படி வரலாம்?" என்று கேட்டுப் பார்த்தன. வேலாயுதம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சிவப்பு நூல் கட்டிய காய் பெருத்தது. பச்சையாக, கொழுகொழுவென்று, அசல் குடைமிளகாயாகவே பெருத்தது.

"இத்தனை நாள் நூல் கட்டி, பை மாட்டி, கடைசியில அதே குடைமிளகாதானா? இதுக்கு எதுக்குங்க ஒரு கல்யாணம்?" என்றார் செண்பகவல்லி.

"காய் அம்மா மாதிரிதான் இருக்கும். மாத்தம் உள்ள விதையில இருக்கு. அதைப் போட்டு, அது செடியாகிக் காய்ச்சாத்தான் தெரியும்."

"அப்போ இன்னும் தொட்டி வேணும்."

"வேணும்" என்றார் வேலாயுதம், தரையைப் பார்த்துக்கொண்டு.

அந்தக் காயை அப்போதே பொரியலுக்கு நறுக்கிவிடாமல் செண்பகவல்லி திருப்பிக் கொடுத்தாரே, அது பெரிய மனசு. நானாக இருந்தால் நறுக்கியிருப்பேன்.

விதை முளைத்தது, செடியானது, காய்த்தது. குடைமிளகாயின் உடம்பு வரவில்லை. சுண்டுவிரல் அளவில், முகம் சுருங்கி, யார் மேலோ கோபம் இருப்பதுபோல வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது காய். உறைப்பாவது வந்ததா என்று பார்க்க வேலாயுதம் பழுத்ததில் ஒன்றைப் பறித்து நுனியைக் கடித்தார். அடுத்து அவரை ஓடையில்தான் பார்க்க முடிந்தது. தலை தண்ணீருக்குள் இருந்தது. குமிழி குமிழியாக மேலே வந்தது. பதறி ஓடிப்போன செண்பகவல்லி கிட்டே போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது, மனிதர் அழவில்லை, சிரித்துக்கொண்டிருக்கிறார். முள்ளம்பன்றியை மனிதர் என்று சொல்லிவிட்டேன், பரவாயில்லை, அந்த நேரத்தில் அவர் அப்படித்தான் இருந்தார்.

அந்த மிளகாய்க்குத் தீக்கொழுந்து என்று பெயர் வைத்தார்.

பெயர் வைத்த கையோடு விதைக்கு இன்னும் நாலு தொட்டி கொண்டுவந்தார். அன்றைக்குச் செண்பகவல்லி இடுப்பில் கையை வைத்துக்கொண்டார்.

"ஏங்க, இந்த வருசம் வீட்டுத்தோட்டக் கண்காட்சிக்கு இதைக் கொண்டு போங்க. பரிசு வந்தா எல்லாத் தொட்டியும் இருக்கட்டும், நான் வாயே திறக்கல. வரலேன்னா அத்தனையும் கவுத்துட்டுக் கொத்தமல்லி போடுவேன். சொல்லிட்டேன்."

வேலாயுதம் ஒத்துக்கொண்டார். காட்டிலேயே இதைவிடக் காரம் எவனிடம் இருக்கிறது என்ற தைரியம். இருந்தாலும் அன்று ராத்திரி எழுந்து போய்த் தொட்டிகளை ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டார். அந்தத் தொட்டிகளைத் தவிர அவருக்கு வேறு உலகம் இல்லை.

இங்கே நடுவர்களைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கண்காட்சி தொடங்கிய வருடம் கரடிதான் நடுவர். அது முதல் மிளகாயைக் கடித்ததும் ஓவென்று அழுதுவிட்டது. தோற்றவர்கள் விடுவார்களா? "நடுவர் ஒரு போட்டியாளருக்காகக் கண்கலங்கினார், இது பாரபட்சம்" என்று மனுப் போட்டார்கள். உடனே விதி திருத்தப்பட்டது. நடுவர் எந்த மிளகாய்க்கும் கலங்கக் கூடாது. அப்படிக் கலங்காமல் தின்பவர்கள் யார் என்று தேடியபோது பறவைகள் கிடைத்தன. பறவைகளுக்கு மிளகாய் உறைக்காது, அவற்றின் நாக்கு அப்படி. காந்தாரியும் கொய்யாவும் அவற்றுக்கு ஒன்றுதான். இதைவிட நடுநிலை எங்கே கிடைக்கும்? அன்றிலிருந்து நடுவர் குழு முழுக்கப் பறவைகள். அன்றிலிருந்து உறைப்புப் பிரிவில் யாருக்கும் பரிசும் கிடையாது. காட்டில் காரம் குறைந்துகொண்டே வருகிறது என்று குழு வருடா வருடம் கவலை தெரிவிக்கும்.

கண்காட்சிப் பக்கமே தலைவைத்துப் படுக்காத வேலாயுதத்துக்கு இதெல்லாம் தெரியாது. உறைப்புப் பிரிவு வரிசையில் நின்றார். அங்கே கூட்டமே இல்லை. நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டார்.

தலைமை நடுவர் மரகதம்மாள் என்ற கிளி. கழுத்தில் சிவப்பு வளையம், மூக்கில் ஒரு அலட்சியம். பழுத்த தீக்கொழுந்து ஒன்றை எடுத்து முழுசாக விழுங்கியது. இன்னொன்றை எடுத்தது. பக்கத்திலிருந்த மைனாவுக்கும் ஒன்று கொடுத்தது. வேலாயுதம் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவர்களுக்காக ஒரு குடம் தண்ணீரையும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உறைப்பு எங்கே?" என்றது கிளி.

"அம்மா, நாக்குல நல்லாப் பட்டுச்சா?"

"என் நாக்கு மேலேயே சந்தேகமா? இந்தக் காட்டுல நான் தின்னாத மிளகா கிடையாது. ஒண்ணுகூட இன்னிக்கு வரைக்கும் எனக்கு உறைச்சதில்ல. அவ்வளவு அனுபவம்."

"வாசல்ல நிக்கிற அந்தக் கரடியை ஒரு வாய் கடிக்கச் சொல்லுங்கம்மா. அவர் சொல்லட்டும்."

கரடி இப்போது கண்காட்சிக்கு வாசல் காவல். தன் பெயர் அடிபட்டதும் அது குடத்துத் தண்ணீரைப் பார்த்தது, மிளகாயைப் பார்த்தது, காவலை விட்டுவிட்டு நடந்தே போய்விட்டது.

"அவர் உணர்ச்சிவசப்படுறவர்" என்றது கிளி. "அவரை எல்லாம் கணக்குல எடுத்துக்க முடியாது."

பெயின்ட் டப்பா, வாளி, ஹெல்மெட் எல்லாம் ஒவ்வொன்றாகக் கவிழ்வது வேலாயுதத்தின் மனசுக்குள் தெரிந்தது. ஆனால் கிளி தின்பதை நிறுத்தவில்லை. தட்டு காலியாகிற வரைக்கும் தின்றுவிட்டு அலகைத் துடைத்துக்கொண்டது.

"ஒண்ணு சொல்லணும். ருசி பிரமாதம். பழத்துல லேசா ஒரு தித்திப்பு இருக்கு. இதைக் கொண்டுவந்து உறைப்புல வச்சிருக்கீங்களே, தப்பான வரிசையில நின்னுட்டீங்க. இனிப்புப் பிரிவுல இதுக்குத்தான் முதல் பரிசு." மைனாவும் தலையை ஆட்டியது. "பேரு மட்டும் சரியில்ல. தீக்கொழுந்துன்னா குழந்தைங்க பயப்படும். தேன்கொழுந்துன்னு எழுதிக்கிறோம்."

வேலாயுதத்தின் முள்ளெல்லாம் ஒரேயடியாக நிமிர்ந்தன. வாயைத் திறந்தார். அதற்குள் செண்பகவல்லி, குத்தாத இடமாகப் பார்த்து அவரைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"என்ன சொல்லப் போறீங்க?"

"உண்மையைச் சொல்லப் போறேன். இது காரம். இதைவிடக் காரம் கிடையாது."

"சொல்லுங்க. பரிசு போகும். தொட்டி எல்லாம் கவுந்துரும்."

வேலாயுதம் திரும்பிக் கிளி இருந்த பக்கம் பார்த்தார்.

"பரிசு வந்தாத் தொட்டி இருக்கட்டும்னுதான் சொன்னேன். எதுக்குப் பரிசுன்னு நான் சொன்னேனா?"

அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். தொட்டிகளைக் கவிழ்க்க அந்த அம்மாளுக்கு மனசே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஓடைக்குள் அவர் சிரித்ததைப் பார்த்தவர் அல்லவா. வேலாயுதம் முள்ளை மடக்கிக்கொண்டு போய்ச் சான்றிதழை வாங்கிக்கொண்டார். தொண்டையில் முள் சிக்கியதுபோல் இருந்தது. சிக்கியது சொந்த முள் என்பதால் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

அதோடு முடிந்ததா? இனிப்புப் பிரிவில் வென்ற காயில் கேசரி கிண்டி, தலைமை விருந்தினருக்கு மேடையில் கொடுப்பது அந்தக் காட்டின் வழக்கம். தலைமை விருந்தினர் சிங்கம். தட்டில் கேசரி தளதளவென்று சிவப்பாக இருந்தது. சிங்கம் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டது.

பிடரி நிமிர்ந்தது. மூக்கில் ஒழுகியது. இரண்டு கண்ணிலும் தாரை தாரையாகக் கொட்டியது. கூட்டத்தில் எல்லோரும் செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சிங்கம் தட்டைப் பார்த்தது. சுவரில் ஒட்டியிருந்த ‘முதல் பரிசு - இனிப்பு’ என்ற எழுத்தைப் பார்த்தது. பக்கத்தில் கண்ணில் துளி ஈரமில்லாமல் அதே கேசரியைத் தின்றுகொண்டிருந்த கிளியைப் பார்த்தது. கோளாறு தன் நாக்கில்தான் என்று அதற்கு முடிவாகிவிட்டது. ராஜாவுக்கு நாக்கு கெட்டுவிட்டது என்று வெளியே தெரிந்தால் அப்புறம் யார் பயப்படுவார்கள்?

"தித்திப்பு..." என்றது சிங்கம், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "இந்தத் தித்திப்பு... எங்க அம்மா ஞாபகம் வந்துருச்சு."

கைதட்டல் வானத்தைப் பிளந்தது. அடுத்து எருமை ஒரு வாய் தின்றது, அம்மாவை நினைத்துக்கொண்டது. மான் தின்றது, அம்மாவை நினைத்துக்கொண்டது. நரிக்கு அம்மாவோடு பேச்சுவார்த்தை இல்லை, அதுகூட விம்மி விம்மி அழுதது. அன்றைக்கு அந்தக் காட்டில் நினைக்கப்படாத தாய் இல்லை.

மறுநாளிலிருந்து தேன்கொழுந்து விதை கேட்டு வேலாயுதம் வீட்டு வாசலில் வரிசை. அவர் மறைக்காமல் சொன்னார், "இது கலப்புச் செடி. இதோட விதையைப் போட்டா எல்லாம் ஒரே மாதிரி வராது. ஒண்ணு காந்தாரி மாதிரி வரும், ஒண்ணு குடைமிளகா மாதிரி வரும். ஒண்ணு உறைக்கும், ஒண்ணு உறைக்காது." யார் கேட்டார்கள்? சான்றிதழோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு விதையை மடியில் கட்டிக்கொண்டு போனார்கள். வேலாயுதமும் எல்லோருக்கும் சிரித்த முகமாகத்தான் கொடுத்தார். ஆனால் தட்டில் போட்ட சோற்றை அளைந்துகொண்டே இருப்பார். தொட்டிகள் இருந்தன. காட்டிலேயே பெரிய காரத்தைச் செய்தோம், ஒருத்தரும் அதைக் காரம் என்று சொல்லவில்லையே என்ற வருத்தமும் இருந்தது.

விதை காய்க்கிற பருவம் வந்தது. ஒருநாள் மத்தியானம், வேலாயுதமும் செண்பகவல்லியும் பழைய சோற்றுக்கு உட்கார்ந்த நேரத்தில், அருணகிரி என்ற எலி வாசலில் வந்து நின்றது. கையில் கொழுகொழுவென்று ஒரு மிளகாய். முகத்தில் கோபம்.

"நல்லா ஏமாத்திட்டீங்களே சார்! இனிப்பு மிளகான்னு சொல்லித்தானே விதை குடுத்தீங்க?"

"ஏன், என்ன ஆச்சு? உறைக்குதா?" என்று ஆசையாக எழுந்தார் வேலாயுதம்.

"இனிக்குது சார்!" என்றது எலி. "கடிச்சா வெறும் இனிப்பு. கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வரல, அம்மா ஞாபகம் வரல. பக்கத்து வீட்டுப் பெருச்சாளி காய்ல கடிச்ச உடனே அழுவுறாரு. எனக்கு மட்டும் போலி விதையைத் தள்ளிட்டீங்க."

வேலாயுதத்துக்குப் பொறுக்கவில்லை. இவனிடமாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். அதற்குள் செண்பகவல்லி எழுந்து போய், ஹெல்மெட்டில் நின்ற பழைய தீக்கொழுந்துச் செடியில் ஒன்றைப் பறித்து எலியின் கையில் கொடுத்தார். எலி கடித்தது. மீசை விறைத்தது. வால் நேராக நின்றது. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"ஆங்... இதுதான்! இதுதான் அசல் இனிப்பு!" என்றது எலி. "அம்மா..." என்று தேம்பிக்கொண்டே சந்தோஷமாக வீட்டுக்குப் போனது.

செண்பகவல்லி வந்து உட்கார்ந்தார். அதே செடியின் இன்னொரு காயைப் பழைய சோற்றுக்குக் கடித்துக்கொண்டார். முகம் சிவந்து, கண் நிறைந்து, முள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றது.

"சண்டாளா," என்றார் நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, "என்னா காரம்! உயிரே போகுதுய்யா!"

வேலாயுதம் அன்றைக்கு இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். மறுநாள் காலையில் செண்பகவல்லி வந்து பார்த்தால், வாசலில் நல்ல வெயில் விழும் இடத்தில் ஒரு தொட்டி நிறையக் கொத்தமல்லி விதை தூவி, தண்ணீர் தெளித்து வைத்திருந்தது.

நீதி: காரத்தைக் காரம் என்று சொல்ல நாக்கு போதும்; இனிப்பு என்று சொல்லத்தான் சான்றிதழ் வேண்டும்.