மாசாணி கரடி விட்ட கதை

ஒரு காட்டில், மனிதர்கள் முதுகில் மூட்டை கட்டிக்கொண்டு நடைபயணம் வரத் தொடங்கிய பிறகும் எப்படியோ காடாகவே இருந்துவிட்ட ஒரு காட்டில், மாசாணி என்றொரு கேளையாடு இருந்தாள். கேளையாடு ஆடு இல்லை, மான். ஆபத்தைக் கண்டால் நாய் மாதிரிக் குரைக்கும். பேர் ஆடு, பிறப்பு மான், குரல் நாய். இப்படி ஒரு பிறவியின் பேச்சை யார் மதிப்பார்கள்? பேரிலேயே 'கேளு' என்பது போல ஒன்றை வைத்திருந்தும், அவள் சொன்னதை அந்தக் காட்டில் ஒருவரும் கேட்டதில்லை.

அந்தக் கோடையில் ஓடையெல்லாம் வற்றி, இலுப்பைத் தோப்புக்குக் கீழே ஒரே ஒரு குட்டைதான் மிஞ்சியது. இலுப்பை பூக்கும் காலமும் அதுவாகப் போயிற்று. இலுப்பைப் பூ என்றால் கரடிக்கு உயிர். பொழுது சாயும் நேரத்துக்கு வரும், உதிர்ந்து கிடக்கும் பூவை உறிஞ்சித் தின்னும், போய்விடும். யாரையும் தின்பதற்காக அது வருவதில்லை. ஆனால் திடுக்கிட்டால் தொலைந்தது. கண் மங்கல், காது மந்தம், கோபத்தில் மட்டும் ஒரு குறையும் இல்லை. எதிரே இருப்பவர் மூஞ்சியைப் பிறாண்டி முடித்த பிறகுதான் அது யாருடைய மூஞ்சி என்று பார்க்கும்.

ஆகவே குட்டைக்குத் தண்ணீர் குடிக்க வருகிறவர்கள் எல்லோரும் சேர்ந்து பாதுகாப்புக் குழு ஒன்றை அமைத்தார்கள். தலைவர் சென்னியப்பன் என்ற குரங்கு. வனச் சோதனைச் சாவடியில் பஜ்ஜி பிடுங்கித் தின்று வளர்ந்தவர் என்பதால் நாலும் தெரிந்தவர் என்று பேர் வாங்கியிருந்தார். சாவடி வாசலில் நடைபயணிகளுக்காக மாட்டியிருந்த பலகையை மனப்பாடம் செய்துகொண்டு வந்து கூட்டத்தில் ஒப்பித்தார். கரடியைக் கண்டால் ஓடக்கூடாது. கண்ணோடு கண் பார்க்கக்கூடாது. மெல்லப் பின்வாங்க வேண்டும். மேலே வந்து விழுந்தால் குப்புறப் படுத்துச் செத்தது போலக் கிடக்க வேண்டும். எல்லோரும் பலமாகத் தலையாட்டினார்கள். காட்டுப்பன்றி மட்டும், செத்தது போலக் கிடப்பதற்கும் செத்துக் கிடப்பதற்கும் நடுவில் எவ்வளவு நேரம் இருக்கும் என்று கேட்டது. அது அடுத்த கூட்டத்தில் விளக்கப்படும் என்றார் தலைவர்.

குரல் பெரிது என்பதால் காவலுக்கு மாசாணியைப் போட்டார்கள். கூலி, குட்டையில் முதல் வாய்த் தண்ணீர். இது சின்ன விஷயமில்லை. பன்றிகள் இறங்கி எழுந்த பிறகு அந்தக் குட்டையில் தண்ணீர் இருக்காது, சேறுதான் இருக்கும். மாசாணி உண்ணிச்செடிப் புதருக்குள் ஒரு குட்டியை ஒளித்து வைத்திருந்தாள். தெளிந்த தண்ணீர் வயிற்றுக்குள் போனால்தான் அவளுக்குப் பால் ஊறும். பால் ஊறினால்தான் அந்தக் குட்டி காலூன்றி நிற்கும். அதனால் அந்த வேலையை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

முதல் நாள் சாயங்காலமே தோப்பின் மறுபக்கம் கறுப்பாக ஒன்று அசைந்தது. மாசாணி பார்த்தாள், சந்தேகமே இல்லை.

"கரடிங்க. கரடி வருதுங்க" என்று குரைத்தாள்.

இங்கேதான் தமிழ் அவள் காலை வாரியது. குட்டையில் நின்றவர்கள் தண்ணீரைத் துப்பிவிட்டுச் சிரித்தார்கள்.

"வேலைக்கு வந்த அன்னைக்கே கரடி உடறியா அம்மிணி?" என்றது மிளா மான்.

"இல்லீங்க, நெசமாலுமே கரடிங்க."

"பார்த்தியா, அவளே ஒத்துக்கறா" என்றது பன்றி.

ஒத்துக்கொண்டதைப் பற்றி அது மேற்கொண்டு பேசுவதற்குள் அதன் இடது காது கரடியின் கையோடு போய்விட்டது.

விசாரணை நடந்தது. கரடி வந்தது உண்மை, மாசாணி சொன்னதும் உண்மை, ஆனால் சொன்ன சொல் தவறு என்று தலைவர் கண்டுபிடித்தார். புளுகுவதற்கும் அந்த மிருகத்துக்கும் ஒரே வார்த்தை இருக்கும்போது பொறுப்புள்ள காவலாளி அதை வாயில் எடுக்கலாமா என்று கேட்டார். கரடியை வேறு எப்படித்தான் சொல்வது என்று மாசாணி கேட்டாள். தலைவர் கண்ணை மூடி யோசித்தார். சாவடிக்கு எதிரே உள்ள டீக்கடையில், பேர் சொல்லப் பயப்பட வேண்டிய ஆட்களையெல்லாம் ஒரே வார்த்தையால் குறிப்பிடுவது அவருக்கு ஞாபகம் வந்தது.

"இனிமே பெரியவர்னு சொல்லு. நமக்கும் மரியாதை, அதுக்கும் மனசு நோகாது."

மறுநாள் மாசாணி அப்படியே சொன்னாள். "பெரியவர் வர்றாருங்க. பெரியவர் வர்றாருங்க."

அவ்வளவுதான். குட்டையில் இருந்த அத்தனை பேரும் அவசரமாக வாயைத் துடைத்துக்கொண்டு வழியின் இரண்டு பக்கமும் வரிசை கட்டினார்கள். மயில் தோகையை விரித்துவிட்டது. பன்றி, போன காதுக்கு நிவாரணம் கேட்கலாமென்று முன்னால் வந்து நின்றது. இந்த ஏற்பாட்டைச் செய்தவரே சென்னியப்பன்தான், ஆனால் பெரியவர் என்ற சொல் காதில் விழுந்ததும் அவருக்கும் எல்லாம் மறந்துவிட்டது. வரவேற்புரைக்காகத் தொண்டையைச் செருமிக்கொண்டு நடுவழியில் நின்றார். பூவை முகர்ந்தபடி தலையைக் குனிந்து வந்த கரடி நிமிர்ந்தது. இரண்டு பக்கமும் கூட்டம், எதிரே ஒரு குரங்கு வாயைத் திறந்துகொண்டு. அது திடுக்கிட்டதில் தப்பே சொல்ல முடியாது.

தலைவரின் வால் பாதியானது. பாதி வாலோடு அவர் தீர்ப்புச் சொன்னார். சொல் சரி, சொன்ன தொனி தவறு. மாசாணி காவலில் தொடரலாம், தண்ணீர் மட்டும் இனி கடைசி வாய்.

அன்றைக்கு அவளுக்குக் கிடைத்தது சேறு. புதருக்குப் போய்ப் படுத்தபோது குட்டி மடியை முட்டி முட்டிப் பார்த்தது. ஒன்றும் வராமல் போக, தலையைத் தூக்கி அவளையே பார்த்தது. மாசாணிக்கு அழுகை வந்தது. அழுது முடித்ததும் கோபம் வந்தது. உள்ளதை உள்ளபடி சொன்னேன், காது போனது. மரியாதையாகச் சொன்னேன், வால் போனது. நாளைக்கும் இதே கதியென்றால் என் பிள்ளை போய்விடும். இந்த ஜனங்கள் நின்று கேள்வி கேட்காமல், சிரிக்காமல், வரிசை கட்டாமல் ஓடுவது எதைக் கண்டு? இப்படி யோசித்துப் பார்த்ததில் அவளுக்கு விடை தெரிந்துவிட்டது.

அந்தக் காட்டில் கானகச்சுடர் காளியப்பன் என்று ஒரு கவிஞர் இருந்தார். முள்ளம்பன்றி. முதுகு நிறைய முள், வாய் நிறையக் கவிதை. சிறுத்தைகூட அவர் பக்கம் போகாது. முள்ளுக்குப் பயந்து என்று வெளியே சொல்லிக்கொள்ளும். ஒருமுறை ஒரு செந்நாய்க் கூட்டத்தையே பாறையிடுக்கில் மடக்கி நிறுத்தி ஒரு முழுத் தொகுப்பையும் வாசித்துக் காட்டினார். அதன் பிறகு அந்தக் கூட்டம் இந்த மலையில் வேட்டையாடுவதையே விட்டுவிட்டது.

அடுத்த நாள் சாயங்காலம் கறுப்பு அசைந்ததும் மாசாணி நெஞ்சு நிறைய மூச்சு இழுத்துக் குரைத்தாள்.

"கானகச்சுடர் வர்றாருங்க. புதுசா எழுதியிருக்காராம். முழுசும் வாசிக்கப் போறாராம்."

மிளா குடித்த தண்ணீரை விழுங்கக்கூட இல்லை. பன்றிகள் மாற்றுப் பாதை தேடாமல் முட்புதருக்குள்ளேயே புகுந்தன. மயில், பறக்கத் தெரியும் என்பது ஞாபகம் வந்து பறந்தது. சென்னியப்பன் ஏறிய மரம் எது என்று இன்றுவரை தெரியவில்லை. குட்டையின் ஓரத்தில் கரடி மட்டும் தனியாக நின்றது. மந்தமான அதன் காதிலும் இந்தச் செய்தி தெளிவாக விழுந்திருந்தது.

"முழுசுமா?" என்று கேட்டது.

"முழுசும்தானுங்க."

கரடி ஓடவில்லை. கவிஞர் வரக்கூடிய திசையைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. ஒவ்வொரு காலாக எடுத்துவைத்து, சத்தமில்லாமல் பின்னாலேயே நகர்ந்து தோப்பை விட்டுப் போனது. சாவடிப் பலகையில் எழுதியிருந்ததைப் பிசகில்லாமல் கடைப்பிடித்தது அந்தக் காட்டிலேயே அது ஒன்றுதான்.

மாசாணி குட்டியை அழைத்துவந்தாள். குட்டை முழுக்க அவர்களுக்குத்தான். தண்ணீரில் வாயை வைத்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அப்போது பின்னால் முட்கள் உரசும் சத்தம் கேட்டது.

பிறந்ததிலிருந்து ஒருவரும் கானகச்சுடர் வருகிறார் என்று அறிவித்ததில்லை. அதுவும் இவ்வளவு உரக்க. கவிஞர் கண் கலங்க நின்றிருந்தார்.

"என் பேரச் சொல்லி ஊரையே கூப்பிட்டீங்களாமே, அம்மிணி."

மாசாணிக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. ஓடினால் குட்டை போய்விடும். கண்ணோடு கண் பார்க்காமல் தலையைத் திருப்பினாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக் கவிஞர் முதல் கவிதையைத் தொடங்கினார். மெல்லப் பின்வாங்கிப் பார்த்தாள். இடம் விட்டு உட்காரச் சொல்கிறாள் என்று அவர் உட்கார்ந்துவிட்டார். இரண்டாவது கவிதையில் வேறு வழியில்லாமல் கடைசி விதிக்கு வந்தாள். குட்டியையும் படுக்க வைத்து, தானும் குப்புற விழுந்து, வாய் மட்டும் தண்ணீரில் இருக்கும்படி பார்த்துச் செத்துப்போனாள்.

கவிஞர் வாசிப்பதை நிறுத்தினார். தாயும் பிள்ளையும் தன் வரிகளில் மயங்கிச் சரிந்து கிடப்பதைப் பார்த்தார்.

"உருகிட்டீங்க. சரியா வாங்கிக்காம உட்டிருப்பீங்க, மொதல்லருந்து வாசிக்கறேன்."

வாசித்தார். மாசாணி செத்தபடியே குடித்தாள். இருட்டுவதற்குள் குட்டையில் தண்ணீர் ஒரு சாண் இறங்கியிருந்தது, அவளுக்கு மடி நிறைந்திருந்தது.

கரடி அப்புறம் அந்தத் தோப்புப் பக்கம் தலைகாட்டவில்லை. குழுவின் நடவடிக்கையால்தான் என்று சென்னியப்பன் பாதி வாலை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருக்கிறார். குட்டி இப்போது துள்ளிக் குதிக்கிறது. கவிஞர் தினமும் சாயங்காலம் தவறாமல் வருகிறார், மாசாணி தினமும் சாகிறாள்.

நீதி: கரடி வருகிறது என்ற உண்மையைச் சொல்லி யாரையும் காப்பாற்ற முடியாது, கவிஞர் வருகிறார் என்று கரடி விட்டால் கரடியே பின்வாங்கிப் போகும். ஆனால் அவர் வந்தே விட்டால் செத்தது போலக் கிடக்காதீர்கள். அதையே கைதட்டல் என்று நினைத்துக்கொள்வார்.