கனகவல்லி வீட்டிலேயே படிப்பதற்குச் சட்டத்தில் இடம் உண்டா?

பெருங்களத்தூர்,
14-8-1991

செங்கற்பட்டு கோர்ட்டில் குமாஸ்தா உத்தியோகம் பார்த்து, நம் இரு குடும்பங்களுக்கும் சட்டத் துணையாக விளங்கும் மச்சான் துரைராஜ் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை கங்கையம்மாளின் கணவன் சிட்டிபாபு வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் தங்கையும் சுகம். குழந்தை கனகவல்லியும் சுகம். ஆனால் சட்டப்படி அவள் எந்த நிலைமையில் இருக்கிறாள் என்பதுதான் தெரியவில்லை.

விஷயம் என்னவென்றால், போன மாதம் குழந்தையின் இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்தில் 'என் தந்தை' என்று கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நாலாம் வகுப்பே ஒன்றாக 'என் தந்தை ஒரு டாக்டர்' என்று எழுத, இவள் மட்டும் 'என் தந்தை சிமெண்ட் விற்கிறார்' என்று எழுதி, பத்துக்கு முட்டை வாங்கி வந்தாள். நேரே போய்க் கேட்டேன். டீச்சரம்மா கொஞ்சமும் அசராமல், "கைடுல டாக்டர்னுதான் சார் போட்டிருக்கு" என்றார். "அப்போ நான் டாக்டராவணுமா?" என்றேன். "பரீட்சை வரைக்கும் ஆனாப் போதும் சார்" என்றார். அந்தக் கோபத்தில் டி.சி.யை வாங்கிக்கொண்டு, இனி என் பெண்ணுக்கு நானே வீட்டில் பாடம் சொல்லித் தருவேன் என்று தெருவே கேட்க அறிவித்துவிட்டேன். ராத்திரி படுத்த பிறகுதான், இதற்குச் சட்டத்தில் இடம் உண்டா, போலீஸ் வந்து பிடித்துக்கொண்டு போகுமா என்று பயம் வந்தது.

மறுநாளே கடையைப் பூட்டிவிட்டு ஒரு கல்வி ஆபீசுக்குப் போனேன். கிளார்க் சுந்தரராமன் என்பவர் கட்டுக் கட்டாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "வீட்ல படிக்கக்கூடாதுன்னு ரூல் இல்லை சார்" என்றார். கும்பிட்டேன். "படிக்கலாம்னும் இல்லை" என்றார். அதையே ஒரு காகிதத்தில் எழுதிக் கேட்டேன். "இல்லாத ரூலைப் பத்தி நான் எப்படி சார் எழுதறது? மனு குடுங்க. படிக்கிற ஸ்கூல் ஹெட்மாஸ்டர் கையெழுத்தோட குடுங்க." "ஸ்கூலே வேணாம்னுதானே சார் வந்துகீறேன்?" "அதையும் அவரே சர்டிஃபை பண்ணணும்." மாடியில் இருந்த ஆபீசரோ, வீட்டையே பள்ளிக்கூடமாகப் பதிவு செய்யச் சொன்னார். விளையாட்டு மைதானம் வேண்டுமாம், பி.எட். படித்த வாத்தியார் வேண்டுமாம், ஆண் பெண் இருபாலாருக்கும் தனித்தனிக் கழிவறை வேண்டுமாம். "எனக்கு ஒரே பொண்ணு சார்" என்றேன். "அப்போ ஆண்கள் கழிவறைக்கு விலக்கு கேட்டுத் தனியா ஒரு மனு குடுங்க" என்றார். கடைசியில் மனம் இரங்கி, "வயசு வந்ததும் பிரைவேட்டா எட்டாவது எழுதட்டும். அதுவரைக்கும் எங்க படிச்சான்னு யாரும் கேக்க மாட்டாங்க" என்றார். "கேட்டா?" "கேட்டா மனு குடுங்க."

இப்படி மூன்று வாரமாகக் காலையில் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வீடு திரும்புகிறேன். இதில் பாடம் சொல்லித் தர நேரம் ஏது? ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் ஐந்தில் இரண்டு என்று போட்டுக் காட்டினேன். "அரையோட இன்னும் கொஞ்சம் சேத்தா அரையவிடக் கம்மியாவா ஆவும் நைனா?" என்று கேட்டது குழந்தை. நான் எஸ்.எஸ்.எல்.சி.யில் இரண்டு தரம் கோட்டைவிட்டவன் என்பது உங்களுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. சுண்ணாம்பு வண்டி வந்துவிட்டதாகச் சொல்லி எழுந்து வந்துவிட்டேன். எனக்கு வெட்கமாகிவிட்டது மச்சான்.

ஆகவே தாங்கள் கோர்ட்டில் உள்ள வக்கீல் ஒருவரை விசாரித்து, எந்தச் சட்டம், எத்தனையாவது பிரிவு என்று உடனே எழுத வேண்டியது. அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நூறாண்டு வாழட்டும்.

இப்படிக்கு,
சிட்டிபாபு

பின்குறிப்பு: இன்று ஆபீசுக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்து இதை எழுதி, உறையை ஒட்டப் போகும் சமயம், கனகவல்லி நீலப் பாவாடையும் வெள்ளைச் சட்டையுமாகப் புத்தகப் பையோடு உள்ளே வந்தாள். மூன்று வாரமாக நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாளாம். பீரோவில் இருந்த டி.சி.யை எடுத்துக் கொடுத்ததே உங்கள் தங்கைதானாம். "எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றேன். "நீ வூட்ல இருந்தாத்தானே சொல்றதுக்கு? புள்ளைய வூட்ல வச்சிப் படிக்க வைக்கிறேன்னு நீதான் ஊரெல்லாம் சுத்திகினு கீறியே" என்கிறாள். சேர்க்கை பாரத்தில் கார்டியன் என்ற இடத்தில், செங்கற்பட்டிலிருந்து வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனது தாங்கள்தானாம். ஆகவே சட்டம் எதையும் தேட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரவும். சண்டையைச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.