இரண்டு கையும் சாமிக்கு

நானுஓயா,
ஞாயிறு மாலை.

பேரன்புள்ள மாமாவுக்கு,

நானுஓயாவில் மழையும் நாங்களும் நலம். கொழும்பில் வெயிலும் நீங்களும் அவ்வாறே இருப்பீர்களென நம்புகிறேன். நேற்று உங்களுக்காக ராகலைக்குப் பெண் பார்க்கப் போன விபரத்தை அம்மா தொலைபேசியில் "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுச்சு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அது உண்மைதான், ஆனால் முழு உண்மை அல்ல. வீதிப் பாதுகாப்புப் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவள் என்ற முறையில் மீதியை எழுதுவது என் கடமை.

ராகுகாலம் தொடங்குமுன் பெண்வீட்டுப் படியேறிவிட வேண்டுமென்று வீரம்மா அத்தை கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால், அப்பா விடியற்காலையிலேயே ஆட்டோவைக் கழுவி, முன்கண்ணாடிக்குக் குறுக்கே செவ்வந்தி மாலை கட்டி, அம்மாவையும் அத்தையையும் என்னையும் பின்னால் ஏற்றி, அத்தையின் மடியில் பழத் தட்டையும் வைத்துப் புறப்பட்டார். கந்தப்பளை தாண்டி ஒரு வளைவில் முனியாண்டி கோயில் இருக்கிறது. அந்தப் பாதையில் ஓடும் எங்கள் சாரதிகள் யாரும் ஹோர்ன் அடித்து, இரண்டு கையையும் எடுத்துக் கும்பிடாமல் அதைக் கடப்பதில்லை. அப்பாவும் கடக்கவில்லை. கண்ணையும் மூடினாரா என்பதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. எங்களுக்கு முன்னால் ஒரு பொலிஸ் சார்ஜன்ட் கையைக் காட்டிக்கொண்டு நின்றார். "அத் தெக்கம கோ?" என்றார். இரண்டு கையும் எங்கே என்று சிங்களத்தில் கேட்கிறார்.

"சாமிக்கு சார்," என்றார் அப்பா.

"அப்ப ஹேண்டில் யாருக்கு?" சார்ஜன்ட் தமிழுக்கு மாறினார்.

"அதையும் சாமியே பாத்துக்கும்," என்றார் அத்தை பின்னாலிருந்து.

"சரி. சாமிக்கு லைசன் இருக்கா?"

அத்தை பழத் தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சார்ஜன்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பொண்ணு பாக்கப் போறோம் சார், நேரமாகுது," என்று அம்மா கெஞ்சியதும், எச்சரித்து விட்டுவிடலாம் என்ற முகம்கூட வந்திருந்தது. அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்கக் கூடாதாம். நானோ என் பேச்சின் சாரத்தை மட்டுமே சொன்னேன்: தேவையில்லாமல் ஹோர்ன் அடிப்பதும் குற்றம், பார்வையை மறைக்கும் மாலையும் குற்றம், வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அத்தையின் வாழைப்பழமும் குற்றமாகலாம். "இந்தப் புள்ளைய வச்சுக்கிட்டு எப்படி ஐயா வண்டி ஓட்டுறது?" என்று அப்பாவிடம் பரிவாகக் கேட்டபடியே சார்ஜன்ட் லைசனை வாங்கிக்கொண்டு தண்டப் பத்திரத்தை எழுதிக் கொடுத்தார். அதன்பிறகு ராகலை வரை அப்பா மாலையைக் கழற்றி வைத்துவிட்டு மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினார். அத்தை என் பக்கம் திரும்பவேயில்லை.

போய்ச் சேர்ந்தபோது ராகுகாலம் தொடங்கிவிட்டது. அத்தை இறங்க மறுத்துவிட்டதால், நாங்கள் பழத் தட்டோடு தூறலில் ஆட்டோவுக்குள்ளேயே இருக்க, பெண்வீட்டார் வாசலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யார் யாரைப் பார்க்க வந்தது என்றே தெரியவில்லை. பெண்ணின் அப்பா செல்லசாமி ஐயா கடுத்த முகத்தோடு வந்து, "சொன்ன நேரத்துக்கே வராதவங்க வீட்டுக்கு எப்படிங்க பொண்ணு குடுக்குறது?" என்றார்.

"டயர் பஞ்சருங்க," என்றார் அப்பா.

மாமா, உங்கள் கல்யாணம் பொய்யில் தொடங்குவதை என்னால் பொறுக்க முடியவில்லை. "இல்லைங்க, முனியாண்டி கோயில் வளைவுல தண்டம் எழுதிட்டாங்க. ரெண்டு கையையும் விட்டுட்டுக் கும்பிட்டாரு," என்று சொல்லிவிட்டேன். அம்மா கிள்ளிய இடம் இன்னும் சிவந்திருக்கிறது. செல்லசாமி ஐயா குனிந்து அப்பாவை உற்றுப் பார்த்தார். சம்பந்தம் அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

"பெரிய மீசை வச்ச சார்ஜன்டா?" என்றார்.

"ஆமாங்க."

"அட, எனக்கும் போன வாரம் அவருதாங்க எழுதுனாரு! இம்மாம் பெரிய மரக்கறி லொறிய விட்டுட்டுச் சாமி கும்பிடுறியான்னு கேட்டாரு. சாமிய எப்படிங்க ஒத்தக் கையால கும்பிடுறது?"

அப்பா ஆட்டோவிலிருந்து குதித்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ராகுகாலம் முடியும்வரை சம்பந்திகள் இருவரும் மழையில் நின்று அந்த மீசையைப் பற்றியே பேசினார்கள். உங்களுக்குப் பார்த்த பெண், பாலர் பாடசாலையில் படிப்பிக்கும் தனுஜா மாமி, குடையோடு வந்து எனக்குத் தேத்தண்ணி கொடுத்து, "உங்க மாமாவாவது ஒழுங்கா ஓட்டுவாரா?" என்று மெதுவாகக் கேட்டார். ஹெல்மெட் இல்லாமல் நீங்கள் வாசலைக்கூடத் தாண்ட மாட்டீர்கள் என்றேன். "அப்ப எனக்குச் சம்மதம்," என்று சிரித்தார். தை மாதம் நிச்சயதார்த்தம். என் உண்மையால்தான் எல்லாம் கூடிவந்தது என்பதை அத்தைக்கு நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

நாளை அப்பா தண்டம் கட்டத் தபாலகம் போகும்போது இதையும் போட்டுவிடுவார். முனியாண்டி உங்களை இரண்டு கையாலும் காப்பாராக. அவருக்கு ஹேண்டில் பிடிக்கிற வேலை இல்லை.

அன்பு மருமகள்,
கிருஷாந்தி

பி.கு.: பழத் தட்டில் வாழைப்பழத்துக்கு அடியில் அம்மா வைத்துக் கொடுத்த உங்கள் படத்தைப் பெண்வீட்டார் இன்றுதான் எடுத்துப் பார்த்தார்களாம். ஓடுகிற மோட்டார் சைக்கிள், தலையில் கறுப்புக் கண்ணாடி மட்டும், பின்னால் நண்பர்கள் இருவர், உங்கள் இரண்டு கையும் ஆகாயத்தில். தனுஜா அக்கா (இப்போதைக்கு அக்கா என்றே எழுதச் சொல்கிறார் அம்மா) சற்றுமுன் தொலைபேசியில் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அந்த ரெண்டு கையும் எந்தச் சாமிக்கும்மா?" நான் தொலைபேசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். தை மாதம் ரயிலில் வாருங்கள், மாமா. இறங்கும்போதே ஹெல்மெட் தலையில் இருக்கட்டும்.